டெஸ்டப்பா

"ஆபீஸுக்கு வந்து கொட்டாவி விடறதுக்கா சம்பளம்?"

மல்லேஷ் வாயை மூடிக்கொண்டான். கண்கள் சிவந்திருந்தன.

மேலாளர் வினுதா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

ஜெயநகரில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊருக்கு மருந்து அனுப்பும் ஆப் அவர்களுடையது. ஆப்பில் எங்கே பிழை வந்தாலும் கண்டுபிடிக்க ஒரு கருவி. கண்டுபிடித்ததை ஊழியர்களின் போனுக்கு அடித்துச் சொல்ல இன்னொன்று. இரண்டையும் இணைத்து வைத்தவள் வினுதாதான். மணி அடித்ததும் போனை எடுத்து ஒன்றாம் எண்ணை அழுத்தினால், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

"பாருங்க. சௌபர்ணிகா எடுத்திருக்கா. உமாபதிகூட ஏதோ நாலு எடுத்திருக்கார். உங்க பேருக்கு நேரா என்ன இருக்கு? முட்டை!"

"தப்பா இருக்கும் மேடம். நான் எடுத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"மெஷின் பொய் சொல்லுதா? நான் இணைச்ச மெஷின் அது!"

"எனக்கு அந்தத் திரையைப் பார்க்க அனுமதி இல்லை மேடம். நீங்க கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தீங்கன்னா..."

"பார்த்தாச்சு. ஒருத்தரைக் குறைக்கணும்னு தலைமை ஆபீஸ்ல சொல்றாங்க. போன் அடிச்சா எடுக்கிறவங்களை அனுப்பிட்டு, எடுக்காதவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பொண்ணை இப்பத்தான் ஸ்கூல்ல சேர்த்தேன் மேடம்."

"அந்தக் கவலை இருக்கிறவர் தூங்கி வழியமாட்டார்."

மல்லேஷ் மடிக்கணினியை அவள் மேஜைமேல் வைத்தான். கழுத்து அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தான்.

"இனி வீட்டுலேயே நிம்மதியா தூங்கலாம் மல்லேஷா!" என்றான் உமாபதி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவன் கதவைத் தாண்டுவதற்குள் குருகிராம் தலைமை ஆபீஸிலிருந்து அழைப்பு. திரையில் சேத்தி சார், முகமெல்லாம் பல்.

"வினுதா ஜி, வாழ்த்துகள்! இந்த வருஷம் சிறந்த ஊழியர் விருது உங்க ஆபீஸுக்குத்தான்!"

"யாருக்கு சார்?"

"டெஸ்டப்பாவுக்கு! என்ன மனுஷன் ஜி அவர்! பிழை வந்தா முதல் மணியிலேயே எடுத்துடறார். ஞாயித்துக்கிழமை இல்லை, தீபாவளி இல்லை. உங்க கன்னட ஊர்ல பசப்பா, நிங்கப்பான்னு பேரெல்லாம் கேட்டிருக்கேன். டெஸ்டப்பா இப்பத்தான் கேள்விப்படறேன். கூப்பிடுங்க, நானே சொல்லிடறேன்."

வினுதாவுக்குச் சிரிப்பும் வந்தது, வியர்வையும் வந்தது.

"சார், அப்படி ஒரு ஆளே இல்லை. அது சோதனைக்குப் போட்ட பேர்."

கருவிகளை இணைத்த அன்று மணி அடிக்கிறதா என்று பார்க்க, பட்டியலின் தலையில் ஏதாவது பெயர் வேண்டியிருந்தது. டெஸ்ட் செய்யத்தானே, டெஸ்டப்பா என்று விளையாட்டாக அடித்தாள். அறையே சிரித்தது. பக்கத்தில் நின்ற யாரோ தன் நம்பரைச் சொன்னார்கள். அப்புறம் எடுத்துவிடலாம் என்று விட்டதுதான். அந்த வரிசையை அதற்குப் பிறகு அவள் பார்த்ததே இல்லை.

"ஆளே இல்லாமலா ஆப் இத்தனை நாள் படுக்காம ஓடுது?" சேத்தி சிரித்தார். "விளையாடாதீங்க ஜி. அவரை மட்டும் கையை விட்டுப் போக விட்டுடாதீங்க."

அழைப்பு முடிந்தது.

வினுதா பட்டியலின் தலைக்குப் போனாள். டெஸ்டப்பா பெயருக்குப் பக்கத்தில் இருந்த சோதனை மணியை அழுத்தினாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், லிஃப்டுக்காக நின்றிருந்த மல்லேஷின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் அவசரமாக எடுத்தான். காதில் வைத்தான். ஒரு எண்ணை அழுத்தினான்.

திரையில் பச்சை எழுத்து வந்தது: 'டெஸ்டப்பா பார்த்துக்கொள்கிறார்.'

லிஃப்ட் வந்து திறந்தது. மல்லேஷ் ஏறவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தோள்பையைத் திறந்து மடிக்கணினியைத் தேடினான்.

அது வினுதாவின் மேஜைமேல் இருந்தது.