பாக்தாத்தின் மேல் ஒட்டிய மஞ்சள் தாள்

“ஆதாரத்தக் காட்டுங்க தலைவரே.” உன் படிப்புக்குப் பணம் கட்டினவர், அவரிடம் எதிர்க்கேள்வி மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா காலையில்கூடச் சொல்லித்தான் அனுப்பினாள்; ஆனாலும் நர்மதா கேட்டேவிடுகிறாள். மலேசிய ஊரான மூவாரின் சங்க மண்டபத்தில் மின்விசிறி கடகடக்கிறது. கண்காட்சிப் பலகையில் இருப்பது அவள் மூன்று மாதம் படித்து எழுதியது: கிரேக்க மருத்துவமும் கணிதமும் பாக்தாத்தில் அரபியாகி, ஸ்பெயினில் லத்தீனாகி, ஐரோப்பாவின் கைக்குப் போன கதை. பாக்தாத் இருந்த இடத்தை இப்போது ஒரு மஞ்சள் தாள் மூடியிருக்கிறது: ‘கிரேக்கனுக்கு எல்லாம் கொடுத்தவன் தமிழனே!’ ஓரத்தில் பசை சளி மாதிரி வழிகிறது. அதற்கு நேர்கீழே அவள் பெயர்ச்சீட்டு, பட்டத்தோடு.

“அட, அலமாக்! நம்ம பெருமைக்கு எதுக்கும்மா ஆதாரம்?” தலைவர் தியாகராஜன் வடையை மென்றபடியே சிரிக்கிறார், துணுக்கு ஒன்று பலகையில் தெறிக்கிறது. எண்ணெய் விரலால் மஞ்சள் தாளை அழுத்தித் தடவிவிடுகிறார். “பட்டதாரி பேரு கீழ இருக்குல்ல, சனங்க நம்பும் லா.”

அவள் குனிந்து, தன் பெயரை நகத்தால் சுரண்டுகிறாள். பட்டமும் சேர்ந்து சுருண்டு வருகிறது. அந்தச் சுருளை அவருடைய வடைத் தட்டில் போடுகிறாள்.

“நர்மதா, அம்மாகிட்ட சொல்லட்டுமா?”

“நானே சொல்லிக்கிறேன்.” வாசலில் கொளுத்தும் வெயிலுக்குள் இறங்கி நடக்கிறாள்.