லியோன் விழுந்தார்

தொப்பென்று மறுபடியும் தண்ணீருக்குள் விழுந்தார் லியோன்.

"குருநகர்க் கடற்கரையிலை பிறந்து வளந்த மனுசன், ஒரு பலகையிலை நிக்கத் தெரியேல்லையே!" கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சந்தியோகு சத்தம் போட்டுச் சிரித்தார்.

உதயகலாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவள் அச்சுவேலிக்காரி. தபால்கந்தோரில் வேலை. நாற்பத்தொரு வயதாகியும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. போன மாதம் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது, ஒரு வெள்ளைக்காரப் பெட்டை பறவைச் சிறகு போன்ற பெரிய துணிச் செட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போவதைக் கண்டாள். எஞ்சின் இல்லை. சத்தம் இல்லை. அதெப்படி? அந்தக் கேள்விதான் அவளை இங்கே கொண்டுவந்து விட்டது.

"விங் ஃபொயிலிங் எண்டு பேர் அக்கா," என்றான் பழக்குகிற ஜெயசுதன். "பலகைக்குக் கீழை ஒரு கால் இருக்கு, பாருங்கோ. அதின்ரை நுனியிலை பிளேன் மாதிரி ரெண்டு சிறகு. வேகம் பிடிச்சால் அது தண்ணிக்குள்ளை பறக்கும். நீங்கள் மேலை பறப்பியள்."

"விழமாட்டனோ?"

"விழுவியள் அக்கா. நல்லாய் விழுவியள்."

முதல் நாளே மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணி குடித்தாள். போதும் என்று மிதவைச் சட்டையைக் கழற்றப் போன நேரம், பக்கத்துப் பலகையிலிருந்து கால் இரண்டும் வானத்தைப் பார்க்க ஒருவர் விழுந்தார். எழும்பி, தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தார்.

"நான் லியோன். கடல் தொழில்தான். ஆனால் உது சரிவருகுதில்லை, தங்கச்சி."

கடல்காரனுக்கே இந்தக் கதியென்றால் நான் பரவாயில்லை என்று நினைத்தாள். சட்டையைத் திரும்பவும் இறுக்கிக் கட்டினாள்.

மூன்றாம் நாள் வகுப்பில் முழங்காலில் இருந்தபடியே செட்டையில் காற்றைப் பிடித்தாள். நான்காம் நாள் எழும்பி நின்றாள். லியோன் மட்டும் விழுந்துகொண்டே இருந்தார்.

வயதோ? காதுக்குள் ஏதும் கோளாறோ? தன் ஆட்கள் பார்த்துச் சிரிக்க, ஏன் இந்த மனுசன் தவறாமல் வந்து நிற்கிறார்?

"அண்ணை, முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கோ. தண்ணியைப் பாராதேங்கோ, தூரத்தைப் பாருங்கோ," என்று அவளே சொல்லிக்கொடுத்தாள்.

"ஓம், ஓம்," என்று கவனமாகக் கேட்டார். பிறகு விழுந்தார்.

"உங்களுக்கு வெக்கமாய் இல்லையோ?" பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"உடுப்பு நனையிறதுக்கு என்ன வெக்கம்?"

இந்த ஆளுக்கு ரோசமே இல்லை என்று அன்றிரவு கணவனிடம் சொன்னாள்.

ஆறாம் நாள் வகுப்பில் சோளகக் காற்று நன்றாக வீசியது. உதயகலா எழும்பி நின்றாள். செட்டையை இழுத்தாள். பலகை வேகம் பிடித்தது. திடீரென்று காலடியில் சளசளவென்ற சத்தம் நின்றுபோனது. குனிந்து பார்த்தாள். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெறும் காற்று!

"ஐயோ, பறக்கிறன்!"

நாலே விநாடி. விழுந்த வேகத்தில், செட்டையை மணிக்கட்டோடு கட்டியிருந்த பட்டி கழன்றது. செட்டை காற்றோடு உருண்டு உருண்டு ஓடியது. ஜெயசுதனிடம் இருந்ததே மூன்று செட்டைகள்தான். காவலுக்குப் படகில் வந்த அவனோ, இருமித் திணறியவளை நோக்கி அதைத் திருப்பினான்.

அப்போது லியோன் எழும்பி நின்றார்.

செட்டையை இரண்டு தரம் அடித்தார். பலகை கிளம்பியது. சத்தமில்லாமல் அவளைக் கடந்து போனார், தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில், ஏதோ ஊர் ஒழுங்கையில் சைக்கிளில் போகிறவரைப் போல. ஓடிய செட்டையை முந்தி, வளைந்து, அதன் பட்டியை ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்தார்.

உதயகலா படகின் விளிம்பைப் பிடித்தபடி வாயைப் பிளந்தாள். கரையில் சந்தியோகு ஒன்றும் நடக்காததுபோல வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பழக்கினதே உவர்தான் அக்கா," என்றான் ஜெயசுதன்.

செட்டைகளோடு கரையேறிய லியோன் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி. நாளைக்குக் கரவெட்டியிலை இருந்து ரெண்டு புது ஆக்கள் வருகினம். அவைக்குப் பக்கத்திலையும் நான் விழவேணும்."