மேசை ஆடுது

"சொர்ணாம்பாக்கா, காலை எடுங்க. மேசை ஆடுது."

காலையிலிருந்து உபகாரமேரி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆடினா ஆடட்டும்டி. நாம என்ன தாலியா கட்டுறோம், கோடுதானே போடுறோம்" என்றாள் சொர்ணாம்பாள். மேசையின் கீழ்க்கட்டையில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் தீட்டும் பெண்களுக்கு மாதா கோயில் ஹாலில் பயிற்சி. நேற்று, ஜப்பான்காரர்கள் முறையில் மரப்பலகையில் மீன் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சு எடுத்தார்கள். தாளை உரித்துப் பார்த்து ஆளாளுக்குச் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

இன்று பட்டு ஓவியம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணியில் முதலில் பசையால் கோடு போட வேண்டும். பிறகு உள்ளே சாயம். கோடு அறுந்தால் சாயம் ஓடிவிடும்.

முதலாளி ஆல்பர்ட் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சாயங்காலம் வந்து பாப்பேன். கோடு நெளிஞ்சா, அவங்க நாளையிலேருந்து மண்ணு பிசையப் போவணும்."

அதற்கப்புறம் ஹாலில் சிரிப்பு இல்லை.

உபகாரமேரியின் தாமரையில் கோடு நெளிந்து அறுந்தது. சிவப்புச் சாயம் இலைக்குள் பாய்ந்தது.

"மேடம், இவங்களைத் தனியா உக்கார வையுங்க. இவங்களால எல்லாருக்கும் வேலை போவப்போவுது."

சொல்லித்தர பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த இளமதி குனிந்து பார்த்தாள். "சொர்ணாம்பாக்கா, சாப்பிட்டு வந்ததும் நீங்க ஜன்னல் பக்கத்து மேசைக்குப் போயிடுங்க. எல்லாரும் புதுத் துணியில மொதல்லேருந்து போடலாம்."

சொர்ணாம்பாள் பக்கத்தில் இருந்த கனகாவைப் பார்த்தாள். கனகா காய்ச்சல் லீவு முடிந்து இன்றுதான் வந்திருந்தாள்.

மதியம் உபகாரமேரி கை கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே படிக்கட்டில் கனகாவின் டிபன் பாக்ஸைச் சொர்ணாம்பாள் திறந்துகொண்டிருந்தாள்.

"சிக்குன்குனியா வந்த விரலு அக்கா, மடங்க மாட்டேங்குது" என்றாள் கனகா. "சரியாவ ஒரு மாசம் ஆவும்னு டாக்டரு சொன்னாரு. இதை வெச்சுக்கிட்டு மண்ணு எப்படிப் பிசைவேன்?"

"எல்லார் கோடும் நெளிஞ்சா உன் கோடு தனியா தெரியாதேன்னுதான் ஆட்டினேன். அந்த மேரி கெடுத்துட்டா. நீ சாப்புடு."

உபகாரமேரி கை கழுவாமலே திரும்பினாள்.

சாயங்காலம் ஆல்பர்ட் வந்தார். ஜன்னல் பக்கம் சொர்ணாம்பாள் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. பெரிய மேசையில் எல்லாக் கோடும் பாம்பாக நெளிந்தது.

"என்னம்மா இது, காவேரி ஆறாட்டம் போவுது?"

"மேசை ஆடுதுங்க சார்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

ஆல்பர்ட் தலையைச் சொறிந்தார். "எல்லாரையும் மண்ணுக்கு அனுப்பிட்டு, பொம்மைக்கெல்லாம் நானா கண்ணு வரையறது? போங்க, அவங்கவங்க இடத்துலயே இருங்க."

கனகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஹால் முழுக்கச் சிரிப்பு திரும்பி வந்தது.

இளமதிக்குத்தான் புரியவில்லை. "ஆட்டுறவங்க அங்க உக்காந்திருக்காங்க. அப்புறம் எப்படி ஆடிச்சு?"

உபகாரமேரி மேசையின் கீழ்க்கட்டையிலிருந்து தன் காலை மெல்ல எடுத்துத் தரையில் வைத்தாள்.