விசையில் வைக்காத விரல்

வெடிச் சத்தம் அடங்கியபோது, துவக்குப் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தரையில் குப்புறக் கிடந்தார்கள். மண்மேட்டைப் பார்த்துத் துவக்கை நீட்டியபடி நின்றவன் மஹ்ரூப் ஒருவன்தான்.

"யாருக்காவது பட்டிருச்சா?" என்று பெயர்ப் பட்டியலோடு ஓரமாக நின்ற அலுவலர் சிவதர்ஷினி கேட்டாள். யாருக்கும் படவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, உடம்பைத் தடவிப் பார்த்து, பிறகு எல்லோரும் சேர்ந்து மஹ்ரூபைப் பார்த்தார்கள்.

வரிசைக்குப் பின்னால், மாமரத்தடியில் சொந்தத் துவக்கோடு நின்ற பயிற்சியாளர் ஜெயக்காந்தன் முன்னால் வந்தார். பொலிஸிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் சார்ஜன் என்று அழைக்காவிட்டால் திரும்பிப் பார்க்காதவர். "முப்பத்திரண்டு வருசம், என் கண்ணு முன்னால ஒரு துவக்கு தவறி வெடிச்சதில்ல" என்று காலையிலிருந்து நான்கு தடவை சொல்லியிருந்தார். வகுப்பு தொடங்கி ஒன்றரை மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

மரத்திலிருந்து தோளில் கொட்டியிருந்த பச்சை மாவிலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டபடி, மஹ்ரூபின் கையிலிருந்த துவக்கைப் பிடுங்கினார்.

"விசையில விரல வெக்காதேன்னு எத்தன தரம் சொன்னேன்?"

"வெக்கல்ல சேர். வல்லாஹி, சத்தியமா வெளியிலதான் நீட்டி வெச்சிருந்தேன்."

"அப்ப துவக்கு தானா வெடிச்சிச்சா? அதுக்கு உன் மேல என்ன கோவம்?"

சிலர் சிரித்தார்கள். உயிர் தப்பியவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது.

"சத்தம் பின்னாலேருந்து வந்த மாதிரிதான் சேர் கேட்டிச்சு. தொறந்து பாருங்களேன்."

"இது இப்ப சான்றுப் பொருள். ஒருத்தரும் தொடக்கூடாது." சார்ஜன் அதைத் தன் துவக்கோடு சேர்த்து ஜீப்பின் பின்சீட்டில் போட்டுப் பூட்டினார். "மிஸ், இவன் பேர வெட்டுங்க."

பெயரை வெட்டினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அடுத்த வகுப்பு வருகிற வருடம்தான். அதுவரை பட்டினி கிடப்பதாகக் காட்டுப்பன்றிகள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

பலாபத்வலை ஊருக்கு மேலே மஹ்ரூபுக்கு ஒன்றரை ஏக்கர் சோளம். போன போகத்தில் தகரம் தட்டிப் பன்றி விரட்டப்போன அவன் மனைவி றம்லாவுக்குத் தொடையில் பதினேழு தையல். இந்தப் போகத்திலும் அவள் நொண்டிக்கொண்டு அதே தகரத்தோடு போகிறாள். வேண்டாம் என்றால், "அப்ப நீங்க துவக்கோட வாங்க" என்கிறாள்.

"சேர், பேர வெட்டாதீங்க. என்ட பொண்டாட்டி வெறுந் தகரத்தோட பன்றிக்கு முன்னால நிக்கிறா."

"உனக்குத் துவக்கு குடுத்தா, அவ உனக்கு முன்னால நிக்க ஏலாது."

இதற்கும் சிரித்தார்கள். மஹ்ரூபுக்குத் தன் விரல்மீதே சந்தேகம் வந்தது. துவக்குக்குள்ளே இருந்தது, பழகுவதற்காகச் சார்ஜன் போட்டுக்கொடுத்த போலித் தோட்டா. போலிகளுக்குள் நல்லது ஒன்று கலந்திருந்தால்? விரல் தன்பாட்டில் உள்ளே போயிருந்தால்? அந்த விரலைத் தூக்கிப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லவில்லை.

"சரி சேர். நான்தான் வெடிக்க வெச்சேன். ஒத்துக்கிறேன். பேர மட்டும் விட்டுருங்க. கால்ல வேணும்னாலும் விழுறேன்."

சார்ஜனின் முகம் அன்று முதன்முறையாகக் கனிந்தது.

"அப்பிடி வா வழிக்கு. என் கவனயீனத்தால வெடிச்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மத்தத நான் யோசிக்கிறேன்."

மஹ்ரூப் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினான். செய்தோமா இல்லையா என்றே தெரியாத குற்றத்துக்கு நான்கு வரி போதுமாக இருந்தது.

அவன் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் சிவதர்ஷினி மணிக்கூட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ஐயோ சார்ஜன், பத்தரை. பிரதம அதிதி வர்ற நேரம். அவர் வந்து இறங்கினதும் போடச் சொல்லி, கேட்டுல நிக்கிற காவல்காரர் நிரூபன்கிட்ட யானை வெடி ஒண்ணு குடுத்திருந்தேன். நிரூபன்தான் போட்டிருக்காரு."

கேட் பின்பக்கம்தான். பதினொரு தலைகளும் ஒன்றாக ஆடின. வயலில் யானை விரட்டும் வெடியாலேயே பிரமுகர்களை வரவேற்பது அந்த விவசாயச் சங்கத்தின் சிக்கனம். ஒரே ஒரு சத்தம்தான். ஆனாலும் மரியாதைக்குக் குறைவில்லை.

சார்ஜன் ஜீப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருசம். துவக்குச் சத்தம் எது, யானை வெடிச் சத்தம் எதுன்னு தூக்கத்துலயும் சொல்லுவேன். பயல் எவ்வளவு தாங்குறான்னு பாக்கத்தான் வெரட்டினேன்."

மஹ்ரூபின் கடிதத்தை வாங்கி, எல்லோரும் பார்க்க எட்டாகக் கிழித்துக் காற்றில் விட்டார். வகுப்பின் முதல் சான்றிதழை அவன் பெயருக்கே எழுதவைத்து, கையொப்பமிட்டு, முத்திரையும் குத்தினார்.

மஹ்ரூப் இரண்டு கைகளாலும் வாங்கினான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பதினொரு பேரும் கை தட்டினார்கள். சார்ஜன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

கைதட்டல் ஓய்ந்தபோது கேட் பக்கமிருந்து நிரூபன் சாவகாசமாக நடந்து வந்தார்.

"மிஸ், பிரதம அதிதி வரலையாம். இந்த யானை வெடிய திரும்ப ஸ்டோர்லயே வச்சிரவா?"

சார்ஜன் தோளில் ஒட்டியிருந்த கடைசி மாவிலைத் துணுக்கைத் தட்டிவிட்டார்.