காமிரா முன் தர்ப்பணம்

"இந்தப் பிள்ளைக்குத் தகப்பனார் இருக்காரா?" என்றுதான் சௌரிராஜன் முதலில் கேட்டார்.

அம்மா மண்டபப் படித்துறையில், காவிரி வந்து கணுக்காலைத் தழுவும் படியில், நடிகன் அன்புச்செல்வன் ஈர வேட்டியோடு நின்றிருந்தான். படத்தில் இன்று அவன் இறந்துபோன தந்தைக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். செய்துவைக்கும் புரோகிதராகத் தோன்ற, ஸ்ரீரங்கத்துப் புரோகிதரான சௌரிராஜனையே அழைத்திருந்தார்கள்.

"எனக்கெப்படித் தெரியும் சாமி?" என்றார் தயாரிப்பு நிர்வாகி பீமராவ். "அவங்க அம்மா அந்தா உக்காந்திருக்காங்க, கேட்டுக்குங்க. பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க, குடும்பத்தையெல்லாம் விசாரிக்கிறீங்க? வெயில் ஏறுதுல்ல?"

சௌரிராஜன் திரும்பிப் பார்த்தார்.

இயக்குநர் யாழினியின் மானிட்டருக்குப் பக்கத்தில், பெரிய குடையின் நிழலில், அழகம்மாள் அமர்ந்திருந்தாள். மகன் நடிப்பதைப் பார்க்க மருங்காபுரியிலிருந்து வந்தவள். நெற்றி நிறையக் குங்குமம். கழுத்தில் புதிதாய் மஞ்சள் பூசிய தாலிக்கயிறு.

அந்த நெற்றியைக் கண்டபின் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு சுமங்கலியிடம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போவதே அபசாரம்.

தகப்பன் உயிரோடிருக்க, பிள்ளை எள்ளும் நீரும் இறைப்பதா?



படங்களில் இந்தக் கர்மத்தைத் தாறுமாறாகக் காட்டுகிறார்களே, பவித்திரம் எந்த விரலுக்கு என்பதுகூடத் தெரியாமல் எடுக்கிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் அவர் இதற்கு இசைந்தார். சாத்திரம் வழுவாமல் ஒரு முறையாவது திரையில் வரட்டும் என்று எண்ணினார். வழுவாமல் செய்தால் அது நடிப்பாக இராது என்பது, தர்ப்பையைக் கையில் எடுத்த பிறகே அவருக்கு உறைத்தது.

மந்திரத்துக்குக் காமிரா தெரியாது. சொன்னால் சொன்னதுதான்.

எழுந்து போய்விடலாம். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

கண்ணை மூடி அரங்கனை நினைத்தார். ஒரு வழி புலப்பட்டது. பித்ருக்களை அழைக்கும் மந்திரத்தை விடுத்து, காவிரியைப் போற்றும் ஒரு சுலோகத்தை அதே தொனியில் சொல்லிவிடுவது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் வடமொழிதான். காவிரிக்குத் துதி, உயிரோடிருப்பவருக்குத் தீங்கில்லை.

யாரிடமும் அதை அவர் சொல்லவில்லை.

"ஆக்‌ஷன்!"

சௌரிராஜன் சொல்லச் சொல்ல அன்புச்செல்வன் திருப்பிச் சொன்னான். வடமொழி அவன் நாவில் தடுக்கியது. ஆனாலும் ஒரு எழுத்தையும் விடாமல் பற்றிக்கொண்டு வந்தான்.

"தகப்பனார் பேரைச் சொல்லுங்கோ."

கதையில் வரும் தந்தையின் பெயர் இராமபத்திரன். காலையிலிருந்து அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

"நல்லுசாமி" என்றான் அவன்.

கட்டைவிரலின் ஓரமாய் எள்ளும் நீரும் வழிந்து ஆற்றில் கலந்தன. அவன் அழவில்லை. உதடு மட்டும் கோணிற்று.

"கட்! பிரமாதம் அன்பு! பேரு மாறிடுச்சு, பரவாயில்ல, டப்பிங்ல பார்த்துக்கலாம்" என்றாள் யாழினி. கைதட்டல் எழுந்தது.

சௌரிராஜன் அவன் பக்கம் குனிந்தார். "யார் பேர் அது?"

"எங்க அப்பா பேரு சாமி."

"இருக்கிறவருக்கா எள்ளிறைச்சே? அபசாரம்!"

"இருக்காரான்னே தெரியாது சாமி." அவன் குரல் நீரின் ஓசைக்குக் கீழே கேட்டது. "நான் ஸ்கூல் போறப்ப வேலைக்குன்னு திருப்பூர் போனவரு. தேடாத ஊரில்ல. தம்பி தங்கச்சி எல்லாரும் மனசத் தேத்திக்கிட்டோம். அம்மா மட்டும் கேக்காது. திதி குடுக்கலாம்னு வாயத் தொறந்தாலே சாப்பிடாமக் கெடக்கும். படத்துல குடுத்தா நடிப்புன்னு விட்டுரும்ல? அதுக்குத்தான் இந்தப் படத்துக்கே ஒத்துக்கிட்டேன்."

கையில் ஒட்டியிருந்த எள்ளை அவன் ஆற்றில் அலம்பினான். பிறகு கேட்டான்.

"மந்திரம் முழுசாச் சொன்னீங்கள்ல சாமி? அவருக்குப் போய்ச் சேந்திருக்கும்ல?"

சௌரிராஜன் கையிலிருந்த தர்ப்பையைப் பார்த்தார்.

நல்லுசாமி எங்கோ உயிரோடிருந்தால், தாம் செய்தது சரி. இல்லையென்றால், இத்தனை காலம் தாகத்தோடு காத்திருந்தவரை ஆற்றங்கரை வரை அழைத்துவந்து, பிள்ளை நீட்டிய நீரைத் தாமே தட்டிவிட்டிருக்கிறார்.

இரண்டில் எது என்று சொல்ல அவர் கற்ற வேதத்தில் இடமில்லை. காவிரி கேட்டும் கேளாதவள்போல் போய்க்கொண்டிருந்தாள்.

மேலே விளக்குகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் ஈரக் காலோடு படியேறி மானிட்டரின் முன் வந்து நின்றார்.

"இன்னொரு தரம் எடுக்கணும்மா."

"ஏன் சாமி? நல்லாத்தானே வந்திருக்கு?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன். மந்திரம் அது இல்லை."

பீமராவ் தலையில் அடித்துக்கொண்டார். யாழினி வெயிலைப் பார்த்தாள். அந்தக் கிழவரின் முகத்தையும் பார்த்தாள்.

"சரி, எடுத்துரலாம். ஆனா இந்தத் தடவை கதையில இருக்கிற பேரையே சொல்லச் சொல்லுங்க."

அவர் பதில் சொல்லுமுன் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. அழகம்மாள் யாரையும் பார்க்கவில்லை. மானிட்டரில் உறைந்து நின்ற மகனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. அவன் சொன்ன பேரே இருக்கட்டும்."