எதிர் நாற்காலி

“இந்த வயசுல லா படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?”

டை கட்டி, கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவர் எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டதும், வார்டு சிஸ்டருக்குச் சுருக்கென்றது. மடியில் கோத்திருந்த விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

“கிழிக்க வரலை சார். படிக்க வந்திருக்கேன்.”

“எம்.பி.ஏ.வுக்கும் அப்ளை பண்ணியிருக்கீங்க. என்ன, ரெண்டு பஸ்லயும் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கறீங்களா?”

எம்.பி.ஏ. என்றால் ஆஸ்பத்திரியே பணம் கட்டும். முடித்து வந்தால் மேனேஜர் பதவி காத்திருக்கும். சட்டம் என்றால் இருக்கிற வேலையையே விடவேண்டும். இரண்டில் எதுவென்று நாளைக் காலைக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

“வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவரா? ‘உன் இஷ்டம்’னு சொல்லிட்டு டி.வி. முன்னாடி உக்காந்துடுவார். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் பாருங்க!”

எதிரே இருந்தவருக்குப் புரையேறியது. அவள் முன்னால் இருந்த தம்ளரை எடுத்து, அதிலிருந்தே இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வைத்தார்.

“சரி, அதை விடுங்க. கோர்ட் வாசல்ல, உங்க வயசுல பாதி இருக்கிறவங்களோட நின்னு ஃபைல் தூக்கணும்னு என்ன தலையெழுத்து? அந்த நர்ஸ் பொண்ணு விவகாரமா? ஒருத்திக்கு வேலை போனா, ஊர்ல வேற ஆஸ்பத்திரியே இல்லையா?”

அவ்வளவுதான். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“தப்பு பண்ணி வேலை போகலை சார்! டாக்டர் போன்ல சொன்ன அளவு மருந்தைத்தான் அந்தப் பொண்ணு ஏத்தினா. போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்ததால, பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன். விசாரணையில அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாம, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ங்கறார். நான் எழுந்தேன். ‘உங்களை யாரும் கேக்கலை, உக்காருங்க’ன்னாங்க. அப்படிச் சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கா, இல்லையா? அதுகூடத் தெரியாம உக்காந்துட்டேன்!”

“அதனால?”

“அதனாலயா?” அவள் துள்ளி எழுந்தாள். “இனிமே எவன் உக்காருன்னாலும் உக்கார மாட்டேன். ஃபைல் தூக்கறேன், பெட்டி தூக்கறேன், உங்களுக்கென்ன வந்தது?”

அவள் மேஜையில் ஓங்கி அடித்த அடியில் தம்ளர் கவிழ்ந்து, மிச்சத் தண்ணீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது.

அவர் கோபப்படவில்லை. டையைக் கழுத்திலிருந்து உருவி, அதாலேயே மேஜையைத் துடைத்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“நாளைக்கு லா காலேஜ் இன்டர்வியூவுக்கே போ.”

மூச்சு வாங்க நின்றவள் அவரை முறைத்தாள். “எதை வெச்சுச் சொல்றீங்க?”

“நேத்து இதே நாற்காலியில எம்.பி.ஏ. இன்டர்வியூ எடுத்தேனே, அப்ப புருஷன்னுகூடப் பார்க்காம என் மூஞ்சிக்கு நேரா நீ கொட்டாவியில்ல விட்டே!”