காவ் அக்காவுக்கு நாலு வார்த்தை

"காது மட்டும் வரட்டும்! அவ என்னை என்ன சொல்லித் திட்டுறான்னு கேட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை திருப்பிக் கேக்கலேன்னா நான் சியூவான் இல்ல!"

தலையைச் சுற்றிக் கட்டு. காது கேட்பதற்காக உள்ளே கருவி வைத்ததில் காதுக்குப் பின்னால் தையல். எழுந்து நின்றால் அறையே சுற்றியது. ஆனால் சியூவானின் வீறாப்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஆபரேஷனுக்காக லீவு போட்டு வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் ஜூயி மீன் சூப்பை ஆற்றிக்கொண்டே, அம்மாவுக்குத் தெரியும்படி முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்.

"யாரும்மா?"

காது போன நாளிலிருந்து உதட்டைப் படித்தே காலம் தள்ளுகிறவள் சியூவான்.

"கீழ்வீட்டு காவ்தான். வேற யாரு?"

தைவானின் கீலுங் நகரில் அவர்கள் சந்துக்குச் சாயங்காலம் பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை லாரி வரும். பையைத் தெருவில் வைத்துவிட்டு வந்துவிட முடியாது. அவரவர் கையால் லாரியில் போட வேண்டும். பாட்டுக் கேட்டதுமே எல்லோரும் இறங்கி வந்து நிற்பார்கள்.

சியூவானுக்கு ஏது பாட்டு? நாலாம் மாடி ஜன்னலிலேயே நின்று, லாரியின் மஞ்சள் விளக்கு கண்ணில் பட்ட பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

வாசலுக்கு வந்தால் தினமும் அதே கூத்து. லாரிக்கு முன்னால் காவ் நின்று ஆடிக்கொண்டிருப்பாள். டிரைவரைப் பார்த்து ஒரு கத்தல். சியூவானைப் பார்த்து ஒரு கத்தல். கையை வேறு மேலும் கீழும் வீசுவாள். முகத்தில் மாஸ்க், உதட்டைப் படிக்கவும் வழியில்லை. முழித்த முழி மட்டும் தெரியும்.

"லேட்டா வர்றேனாம், அதுக்குத்தான் இந்த ஆட்டம். செவிட்டுச் சனியன்னு திட்டுறாளோ என்னவோ! மாஸ்க்குக்குள்ள என்ன வேணா சொல்லலாமே."

குனியாதே, கனம் தூக்காதே, படி இறங்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் குப்பை ஜூயியின் பொறுப்பானது. பாட்டுக் கேட்டதும் முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

"அம்மா, அவங்க கத்தவே இல்லியே! 'உங்கம்மாவுக்கு எப்ப கட்டுப் பிரிப்பாங்க'ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்."

"கேக்க மாட்டாளா பின்னே? திட்டுறதுக்கு ஆள் இல்லாம வாய் நமநமங்குது போல!"

கட்டுப் பிரித்தார்கள். புண் ஆறியது. அப்புறம் ஒரு நாள் உள்ளே வைத்ததோடு சேர்ந்து வேலை செய்யும் வெளிக்கருவியைக் காதில் மாட்டி உயிர் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து வாத்து மாதிரி பேசினார்கள். ஜூயி விடவில்லை. லீவை நீட்டிப்போட்டு, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். வாத்து கொஞ்சம் கொஞ்சமாக மகளானது. அன்று சியூவான் அழுத அழுகையில் ஜூயியின் தோள் நனைந்தது.

"உன் குரல் இப்படித்தான் இருந்துச்சு. மறந்தே போயிருந்தேன்டி."

ஊருக்குக் கிளம்பும் முன், சூப் கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் ஜூயி அன்னாசி கேக் பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

"காவ் ஆன்ட்டிக்கு?"

"அவளுக்குத்தான் நாலு வார்த்தை இருக்கே!"

மகள் போன அன்று சாயங்காலம் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. சியூவான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்த பிறகுதான் புரிந்தது. அட, லாரிப் பாட்டு! காதே எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று உச்சி குளிர்ந்துபோனாள்.

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எப்போதும்போல லேட்டுதான். லேட்டானால் என்ன, நல்லதாகப் போயிற்று. படிக்கொரு வார்த்தையாகத் தீட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசிப் படிக்கட்டில் அந்தக் குரல் பாட்டையே அமுக்கிக்கொண்டு வந்தது. சியூவான் நின்று காதைக் கொடுத்தாள்.

"வண்டியை எடுத்தே, சக்கரத்துக்கடியில படுத்துருவேன், ஆமா! நாலாம் மாடியில இருந்து ஒருத்தி இறங்கி வரணும். ஆபரேஷன் பண்ணியிருக்கா, கேக்குதோ இல்லையோ தெரியல. பொண்ணு வேற ஊருக்குப் போயிட்டா. கொஞ்ச நேரம் நின்னா உன் இன்ஜின் என்ன தேஞ்சா போயிடும்?"

"தாயே, வருஷக்கணக்கா தினம் இதையேதான் கத்துறீங்க. நானும் தினம் நின்னுட்டுத்தானே இருக்கேன்!" என்றான் டிரைவர்.

சியூவான் வாசலுக்கு வந்தாள். காவ் திரும்பிப் பார்த்தாள். அதே முழி. கையும் அதேபோல மேலும் கீழும் வீசியது.

"ஏய், ஓடி வராதேடி! மெதுவா, மெதுவா! படியெல்லாம் மழைத் தண்ணி. தையல் போட்ட தலையோட விழுந்து வைக்காதே!"

சியூவான் மெதுவாகவே நடந்து லாரிக்குப் போனாள். பையை லாரிக்குள் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். லாரி நகர்ந்தது.

காவ் வழக்கம்போல மாஸ்க்குக்குள் தனக்குத்தானே முனகிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"முகமே வாடிக் கிடக்கு. தனியா வேற இருக்கா. சாப்பிட்டாளோ இல்லையோ, கேட்டாலும் அவளுக்குக் கேக்கவா போகுது…"

"இன்னும் சாப்பிடலக்கா," என்றாள் சியூவான்.